தொப்புள்கொடி இரத்தம்: பூட்டி வைப்பதா, கொடுப்பதா?

கடந்த ஆண்டு இறுதியில் என் அண்ணி எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தார். கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் குழந்தைப் பொருள் கண்காட்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு அண்ணன், அண்ணி, பாட்டி, நான் என நால்வரும் கிள்ளானிலிருந்து புறப்பட்டுப் போனோம். தள்ளுவண்டியும் தொட்டிலும் பார்க்கத்தான் போனோம். ஆனால், அதிக நேரம் நின்றது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கடைமுன்.

அங்கிருந்த விற்பனைப் பெண் நன்றாகத் தமிழ் பேசினார். "அக்கா, பேபி பிறக்கிற அந்த ஒரு தடவைதான் இதை எடுக்க முடியும். அப்புறம் கோடி கொடுத்தாலும் கிடைக்காது" என்றார். எண்பதுக்கும் மேற்பட்ட நோய்களின் பட்டியலைக் காட்டினார். முதலில் சில ஆயிரம் ரிங்கிட், பிறகு ஆண்டுக்கு ஆண்டு கட்டணம், வேண்டுமானால் மாதத் தவணை என்றார்.

பாட்டி சும்மா இருக்கவில்லை. "எங்க காலத்துல காய்ஞ்சு விழுந்த கொடியைத் தாயத்துல போட்டு இடுப்புல கட்டுவோம்" என்றார். அந்தப் பெண் முகம் மலர்ந்து, "பார்த்தீங்களா பாட்டி, நம்ம முன்னோருக்கு அப்பவே ஸ்டெம் செல் தெரிஞ்சிருக்கு. நாங்க அதையேதான் இப்ப ஃப்ரீஸ் பண்ணி வைக்கிறோம்" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீதானே உயிரியல் படிக்கிற. சொல்லு, போடலாமா வேண்டாமா?"

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேண்ணா" என்று மட்டும் சொன்னேன். அன்று சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் எத்தனையோ குடும்பங்கள் இதே கேள்வியோடு இருக்கும் என்பதால் இதை வீட்டோடு வைத்துக்கொள்ள மனமில்லை.

பாரிசில் தொடங்கிய கதை

குழந்தை பிறந்து கொடியை வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும் கொஞ்சம் இரத்தம் தங்கிவிடுகிறது. சேகரித்தால் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர், அரைக் குவளைக்கும் குறைவு. பல்லாண்டுக் காலம் அது மருத்துவக் கழிவோடு கழிவாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த இரத்தத்தில் குருத்தணுக்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் என்று நாம் கேள்விப்படுவது இவற்றைத்தான். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றையும் உருவாக்கும் தாயணுக்கள் இவை. நம் உடலில் இவை எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கின்றன. மஜ்ஜை கெட்டுப்போனால், அதாவது இரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜைச் செயலிழப்பு போன்ற நோய்கள் வந்தால், நோயுற்ற மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு வேறொருவரின் நல்ல குருத்தணுக்களை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறிப் புது இரத்தத்தை உண்டாக்கும்.

தொப்புள்கொடி இரத்தத்தாலும் இதைச் செய்ய முடியும் என்று 1988ஆம் ஆண்டு அக்டோபரில் உலகம் கண்டது. அமெரிக்காவைச் சேர்ந்த மேத்யூ ஃபாரோ என்ற ஐந்து வயதுச் சிறுவனுக்கு ஃபான்கோனி இரத்தச்சோகை என்ற பரம்பரை நோய். அவனுக்குப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தை உறையவைத்துப் பாரிசிலுள்ள செயிண்ட் லூயி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். டாக்டர் எலியான் குளுக்மான் அதை அச்சிறுவனுக்குச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். வளர்ந்து குடும்பமும் கண்டான்.

1990களின் தொடக்கத்தில் நியூயார்க் இரத்த மையத்தில் பொதுத் தொப்புள்கொடி இரத்த வங்கி உருவானது. 1993இல் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில், உறவே இல்லாத ஒரு குழந்தையின் தொப்புள்கொடி இரத்தம் இன்னொரு குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. யாரோ பெற்ற பிள்ளையின் இரத்தம் யாரோ பெற்ற பிள்ளைக்கு உயிர் கொடுக்கலாம் என்பது அன்று உறுதியானது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் பல்லாயிரக்கணக்கானோருக்கு இச்சிகிச்சை நடந்திருக்கிறது.

ஆக, தொப்புள்கொடி இரத்தத்தின் மருத்துவப் பயன் மெய்யானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு: அந்தப் பயன் யாருடைய இரத்தத்தால் யாருக்குக் கிடைக்கிறது?

தாயத்தும் திரவ நைட்ரஜனும்

அதற்குமுன் தாயத்து விவகாரத்தை முடித்துவிடுவோம். ஏனென்றால் இது அந்த விற்பனைப் பெண் மட்டும் சொன்னதில்லை. "தாயத்துக்குள் இருக்கும் கொடியில் ஸ்டெம் செல் இருக்கிறது, நோய் வந்தால் அதைக் கரைத்துக் கொடுத்தால் குணமாகும், வெள்ளைக்காரன் இதை இப்போதுதான் கண்டுபிடித்தான்" என்று நம் குடும்பப் புலனக் குழுக்களில் சுற்றிவரும் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

குருத்தணு உயிருள்ள அணு. உயிரோடு வைத்திருந்தால்தான் அது பயன்படும். எடுத்த இரத்தத்தை ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் பதப்படுத்தி, படிப்படியாகக் குளிரூட்டி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகை செல்சியஸ் வரையிலான கடுங்குளிரில் வைக்கிறார்கள். தொப்புளிலிருந்து காய்ந்து விழும் துண்டோ ஏற்கெனவே இறந்துபோன திசு. அதை வெள்ளியில் அடைத்தாலும் தங்கத்தில் அடைத்தாலும் அதற்குள் உயிரணு எதுவும் இருக்காது. அதைக் கரைத்துக் குடித்தால் நோய் தீராது. குழந்தைக்குக் கிருமித்தொற்று வேண்டுமானால் வரலாம்.

இப்படிச் சொல்வதால் நான் பாட்டியின் நம்பிக்கையைக் கேலி செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். தாயையும் பிள்ளையையும் பிணைத்த கொடியைக் குப்பையில் போட மனம் வராமல் பத்திரப்படுத்தியது அழகான பழக்கம். தமிழ்நாட்டோடு நமக்குள்ள உறவைக்கூட நாம் தொப்புள்கொடி உறவு என்றுதானே சொல்கிறோம்! அந்தப் பாசத்துக்கு அறிவியல் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், அந்தப் பாசத்தையே பிடித்துக்கொண்டு ஒருவர் நம்மிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால், அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

எண்பது நோய்களின் பட்டியல்

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருவோம். எண்பது நோய்கள் என்பது பொய்யில்லை. இரத்தப் புற்றுநோய்கள், தலசீமியா, நோயெதிர்ப்புக் குறைபாடுகள், சில வளர்சிதைமாற்ற நோய்கள் என்று அந்த அளவுக்குப் பட்டியல் நீளத்தான் செய்கிறது. ஆனால், பட்டியலில் அச்சடிக்காத ஒரு செய்தி இருக்கிறது. அவற்றில் பெரும்பாலான நோய்களுக்குத் தேவைப்படுவது மற்றவருடைய இரத்தம். நோயாளியின் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் அங்கே உதவாது.

காரணம் எளிது. தலசீமியா மரபணுவிலேயே உள்ள குறை. குழந்தையின் மஜ்ஜையில் இருக்கும் அதே குறை அதன் தொப்புள்கொடி இரத்தத்திலும் இருக்கும். அதையே திரும்பச் செலுத்தினால் நோயையே திரும்பச் செலுத்தியதாகிவிடும். பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயிலும் இதே சிக்கல் உண்டு. நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் பிறக்கும்போதே சில அணுக்களில் இருந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மேலும், வேறொருவரின் அணுக்கள் உள்ளே வரும்போது அவை எஞ்சியிருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிக்கின்றன. சொந்த அணுக்களுக்கு அந்தத் திறன் இல்லை.

மேத்யூ ஃபாரோவின் கதையையே திரும்பப் பாருங்கள். அவனைக் காப்பாற்றியது அவனுடைய தொப்புள்கொடி இல்லை. தங்கையின் தொப்புள்கொடி.

அதனால்தான் மருத்துவ அமைப்புகள் இவ்விஷயத்தில் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று காப்புறுதி போலத் தனியாரிடம் சேமிப்பதைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019இல் கூறியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில் பொது வங்கிகளையே பரிந்துரைத்தது. பொது வங்கி இரத்தம் தனியார் வங்கி இரத்தத்தைவிட ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகப் பயன்படுகிறது என்றும் சுட்டிக்காட்டியது. தன் பயனுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியில் சொல்லிவிட்டது.

"எதிர்காலத்தில் ஆட்டிசம், மூளை முடக்கம் எல்லாவற்றுக்கும் பயன்படும்" என்பது கடைகளில் கேட்கும் இன்னொரு வாக்கு. டியூக் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள 180 பிள்ளைகளிடம் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவில், எதிர்பார்த்த முதன்மைப் பலன் காணப்படவில்லை. ஆராய்ச்சி தொடரட்டும், நாம் வரவேற்போம். ஆனால், ஆராய்ச்சியில் இருப்பதைச் சிகிச்சை என்று சொல்லி விற்பது முறையல்ல. அதிலும் பிள்ளைக்கு ஏதேனும் வந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோரிடம் விற்பது அறவே முறையல்ல.

சிங்கப்பூரில் நடந்தது

சேமித்த இரத்தம் பத்திரமாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023 நவம்பர் 30ஆம் நாள் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கார்ட்லைஃப் என்ற தனியார் வங்கியின் 22 சேமிப்புக் கலன்களில் ஏழு, இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலான வெப்பநிலைக்கு உள்ளாகியிருந்தன. மைனஸ் 150 பாகைக்குக் கீழே இருக்க வேண்டிய இரத்தம் அது. அவற்றில் ஒரு கலனில் மட்டும் ஏறத்தாழ 2,200 குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தம் கெட்டுப்போனதாகத் தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் கட்டணம் செலுத்திவந்த பெற்றோருக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

சட்டமும் கண்காணிப்பும் கண்டிப்பாக உள்ள சிங்கப்பூரிலேயே இப்படி நடந்தது. எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பொருளைப் பூட்டிவைக்கிறோம், அதைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அநேகமாக வரவே வராது என்றால், அது கெட்டுவிட்டதா இல்லையா என்பதைப் பெற்றோர் எப்படித்தான் அறிவார்கள்?

நமக்கு ஏன் இது பெரிய விஷயம்?

இதுவரை சொன்னது எல்லா இனத்தாருக்கும் பொது. மலேசிய இந்தியர்களாகிய நமக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. நான் தேடிப் படித்தவற்றுள் என்னை மிகவும் உறுத்தியது இதுதான்.

குருத்தணுவைக் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் பொருந்த வேண்டும். இரத்த வகை பார்ப்பதைவிடப் பன்மடங்கு நுணுக்கமான பொருத்தம் இது. பாதி அடையாளம் அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. உடன்பிறந்தவரோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வெளியே தேடினால், ஒரே வம்சாவளியைச் சேர்ந்தவர்களிடம்தான் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்கப் பதிவகத்தை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, ஐரோப்பிய வெள்ளையருக்கு முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. தெற்காசியருக்கோ 33 விழுக்காடுதான். நோய் இனம் பார்த்து வருவதில்லை. ஆனால், கொடையாளர் பட்டியலில் நம்மவர் பெயர் இல்லாவிட்டால் சிகிச்சை நம்மவருக்கு மட்டும் எட்டாமல் போகிறது.

தொப்புள்கொடி இரத்தத்தின் அருமை இங்கேதான் புரிகிறது. அதிலுள்ள அணுக்கள் இளையவை என்பதால் பொருத்தத்தில் ஒன்றிரண்டு குறைந்தாலும் உடல் ஏற்றுக்கொள்கிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஒன்றிரண்டு பொருத்தக் குறைகளோடு கூடிய தொப்புள்கொடி இரத்தத்தையும் கணக்கில் எடுத்தால், எந்த இனமானாலும் 20 வயதுக்குட்பட்ட கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளுக்கும் ஏதாவதொன்று கிடைத்துவிடும். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் உள்ள ஒரு கலப்பினப் பெண், தொப்புள்கொடி இரத்தத்தின் துணையோடு இரண்டிலிருந்தும் விடுபட்டதாக மருத்துவர்கள் அறிவித்தார்கள். அவருக்குக் கிடைத்த இரத்தமும் முழுப் பொருத்தம் உள்ளதல்ல. சீன-இந்தியக் கலப்புக் குடும்பங்கள் நிறைந்த நம் நாட்டில் இந்தச் செய்திக்குத் தனிப் பொருள் உண்டு.

நம் மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டினர். அந்தச் சிறிய எண்ணிக்கைக்குள் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைத் தனித்தனிப் பெட்டகங்களில் பூட்டிவிட்டால், நாளை கிள்ளானிலோ ஈப்போவிலோ சுங்கை பட்டாணியிலோ ஓர் இந்தியக் குழந்தைக்குத் தேவை வரும்போது எங்கே போய்த் தேடுவது? பூட்டிவைத்தவருக்கும் அது பயன்படவில்லை, தேவைப்பட்டவருக்கும் கிடைக்கவில்லை.

தனியார் துறையிலும் இதை உணர்ந்தவர்கள் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லைஃப்செல் நிறுவனம் 2017இல், சேமித்த பெற்றோர் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் சமூக வங்கி முறையைத் தொடங்கியது. தன் பிள்ளையின் இரத்தம் மட்டும் போதாது, பிறர் பிள்ளையின் இரத்தமும் வேண்டும் என்பதுதானே அந்த ஏற்பாட்டின் அடிப்படை? அப்படியானால் கட்டணம் கட்டியவர்களுக்குள் மட்டும் ஏன் பகிர வேண்டும் என்பதே என் கேள்வி.

மறுபக்கமும் உண்டு

பொது வங்கிக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய இரத்த மையத்தில் பொதுத் தொப்புள்கொடி இரத்த வங்கி அமைக்கப்பட்டது. ஆனால், எல்லா மருத்துவமனைகளிலும் கொடுக்க முடியாது. சேகரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருந்தால் அந்த இரத்தத்தை வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கொடியிலிருந்து கிடைக்கும் அணுக்கள் பெரியவர் ஒருவருக்குப் பெரும்பாலும் போதாது. பாதிப் பொருத்தமுள்ள பெற்றோர், பிள்ளைகளிடமிருந்தே மஜ்ஜை பெறும் முறையும் இப்போது வளர்ந்துவிட்டதால், உலகில் தொப்புள்கொடி இரத்தத்தின் பயன்பாடு முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. குழந்தை பிறந்தவுடன் கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தச் சிறிது நேரத்தில் கொடியிலுள்ள இரத்தம் குழந்தைக்கே போய்ச் சேருகிறது. இரும்புச் சத்துக் குறைபாடு வராமல் காக்கிறது. கொடியில் உள்ள இரத்தத்துக்கு முதல் உரிமை அந்தக் குழந்தைக்குத்தான். சேகரிப்பதற்காக அவசரப்பட்டு வெட்டுவதை எந்த வங்கிக்காகவும், பொது வங்கிக்காகவும்கூட, அனுமதிக்கக் கூடாது.

குடும்பத்துக்கென்று சேமிப்பது சரியாகும் இடமும் உண்டு. மூத்த பிள்ளைக்குத் தலசீமியாவோ இரத்தப் புற்றுநோயோ இருந்து, தாய் மீண்டும் கருவுற்றிருந்தால், பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தம் மூத்த பிள்ளைக்குப் பொருந்தக்கூடும். அத்தகைய குடும்பம் கண்காட்சிக் கடைக்குப் போக வேண்டாம். சிகிச்சை தரும் இரத்தவியல் நிபுணரிடம் பிரசவத்துக்கு முன்கூட்டியே பேச வேண்டும். நான்காம் படிவ மாணவர்களுக்குச் சுகாதார அமைச்சு 2016 முதல் தலசீமியா பரிசோதனை நடத்திவருகிறது. அந்த ஊசிக்குப் பயந்து ஒளிந்துகொள்ளாமல், தம்பி தங்கைகள் முடிவைக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் திருமணம் பேசும்போது ஜாதகத்தைவிட அது முக்கியம்.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, கையெழுத்துப் போடும்முன் கேள்வி கேட்பது. இந்தப் பட்டியலில் எத்தனை நோய்களுக்கு என் பிள்ளையின் சொந்த இரத்தம் பயன்படும்? இதுவரை உங்கள் வங்கியிலிருந்து எத்தனை பேருக்கு உண்மையில் சிகிச்சைக்காகக் கொடுத்திருக்கிறீர்கள்? என் பிள்ளையின் இரத்தத்தில் எத்தனை அணுக்கள் கிடைத்தன என்று எழுத்தில் தருவீர்களா? வெப்பநிலைக் கோளாறு வந்தால் எத்தனை நாளில் எனக்குச் சொல்வீர்கள்? நிறுவனம் மூடப்பட்டால் இரத்தம் எங்கே போகும்? நேர்மையான நிறுவனம் இவற்றுக்குப் பதில் சொல்லும். பதிலுக்குப் பதிலாக, "பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டீர்களா?" என்று கேட்டால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அந்தச் சில ஆயிரம் ரிங்கிட்டை எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பில் போட்டால் பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போது கையில் இருக்கும். தவணை கட்டி நெருக்கடியில் சிக்கும் இளம் பெற்றோருக்கு இதைச் சொல்ல வீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிறோமே!

இரண்டாவது, தமிழில் தகவல். அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் தொப்புள்கொடி இரத்தம் பற்றித் தமிழிலும் ஒரு பக்கத் துண்டறிக்கை வைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். விற்பனையாளர் தமிழில் பேசுகிறார். அறிவுரை மட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால், எங்கள் பாட்டியைப் போன்றவர்கள் யார் பேச்சை நம்புவார்கள்? எழுதித்தர ஆள் இல்லை என்றால், இருமொழியிலும் படித்த மாணவர்கள் நாங்கள் தயார்.

மூன்றாவது, இளையோராகிய நம் பங்கு. நம்மில் பெரும்பாலோர் இன்னும் தாய் தந்தை ஆகவில்லை. தொப்புள்கொடி கொடுக்க நம்மிடம் இல்லை. ஆனால், எலும்புக்குள் குருத்தணு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குருத்தணுக் கொடையாளர் பதிவகம் ஒன்று இயங்கிவருகிறது. 18 வயதைக் கடந்த, உடல்நலமுள்ள இளையோர் அதில் பெயர் பதியலாம். பதியும்போது திசு அடையாளம் பார்க்கச் சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். பொருத்தமான நோயாளி யாரேனும் தோன்றினால்தான் மறுபடி கூப்பிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் கூப்பிடாமலும் போகலாம்.

"முதுகெலும்பில் ஊசி போடுவார்கள், இடுப்பு செயலிழந்துவிடும்" என்று நம்மிடையே ஒரு பயம் உண்டு. இன்று பெரும்பாலான கொடையாளர்களிடம் கை நரம்பு வழியாகவே குருத்தணுக்களை எடுக்கிறார்கள். நான்கைந்து நாள் ஊசி போட்டு அணுக்களை இரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தின் மூலம் பிரித்துக்கொண்டு மீதி இரத்தத்தைத் திரும்ப உடலுக்கே அனுப்பிவிடுவார்கள். சில நாள் உடல்வலி இருக்கும். எடுத்த அணுக்களைச் சில வாரங்களில் உடல் ஈடுசெய்துகொள்ளும்.

பிரிக்பீல்ட்ஸில் தீபாவளி நெருங்கினால் ஜாலான் துன் சம்பந்தனில் நடக்க இடமிருக்காது. பத்துமலையில் தைப்பூசத்தன்று கூடும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். கோயில்களும் இயக்கங்களும் இரத்ததான முகாம் நடத்திப் பழகியவைதாம். அதே முகாமில் குருத்தணுக் கொடையாளர் பதிவுக்கும் ஒரு மேசை போட ஏற்பாடு செய்தால் என்ன? பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்கள் பொங்கல் விழாவுக்கும் கலை இரவுக்கும் உழைக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும். 33 விழுக்காடு என்ற எண் தலைவிதி இல்லை. பதிவேட்டில் நம் பெயர்கள் கூடக்கூட அந்த எண்ணும் மாறும்.

அண்ணனுக்குச் சொன்ன பதில்

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சொன்னேன். அண்ணன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்போ வேண்டாம்னு சொல்ற" என்றார். "நம்ம குடும்பத்துல அப்படிப்பட்ட நோய் யாருக்கும் இல்லையே. தேவையில்லைண்ணா" என்றேன். அண்ணி மட்டும், "நாளைக்கு ஏதாவது வந்துட்டா, அன்னைக்கே செஞ்சிருக்கலாமேன்னு தோணாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் புள்ளிவிவரம்தான் இருந்தது. புள்ளிவிவரத்தால் ஒரு தாயின் பயத்தைப் போக்க முடியாது என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன். கடைசியில் அண்ணியே மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுத்தார்.

குழந்தை ஓர் அரசாங்க மருத்துவமனையில் பிறந்தது. அங்கே பொது வங்கிக்குக் கொடுக்கும் வசதி இல்லை. கொடியைச் சற்றுப் பொறுத்து வெட்டச் சொல்லி அண்ணி முன்பே கேட்டுக்கொண்டார். தாதியரும் அப்படியே செய்தார்கள். பத்து நாளில் காய்ந்து விழுந்த துண்டைப் பாட்டி எடுத்து வெள்ளித் தாயத்தில் போட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்தார். "இதுல மருந்து ஒண்ணும் இல்ல, தெரியுமா பாட்டி?" என்றேன். "தெரியும்டா. ஆசைக்குக் கட்டுறேன்" என்றார்.

அடுத்த வாரம் நான் போய்க் கொடையாளராகப் பதிந்துகொண்டேன். என் வகுப்பு நண்பர்கள் மூவர் உடன் வந்தார்கள். படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருந்தது. வேறு எந்தப் படிவத்திலும் அதை நிரப்பும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அன்று 'இந்தியர்' என்று எழுதியபோது, இது யாரோ ஒருவருக்குத் தேவைப்படலாம் என்று தோன்றியது.